தூங்கி எழுதின பரீட்சை

நான் ஓட்டற ஸ்கூல் பஸ்ஸுல, எனக்குப் பின்னாடி இருக்கற முதல் சீட்டு எம் பையனோடது. மத்த சீட்டெல்லாம் ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ் வாண்டுங்களுக்கு. அதுங்க நடுவுல, ஆறடிக்கு மேல வளந்த இருபத்திரண்டு வயசு கியோன், காலேஜ் டீமோட பச்சை ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான். "கியோன், உன் ஷூ லேஸ் அவுந்துபோச்சு"ன்னு அதுங்கதான் அவனுக்குச் சொல்லும். குனிஞ்சு பாப்பான். ரெண்டு நுனியையும் கையில புடிச்சுப்பான். அதுக்கு மேல என்ன பண்ணணும்னு தெரியாது. ஏதாவது ஒரு பொடுசு வந்து கட்டிவிடும்.

வளந்த பையன ஏன் வேலைக்கு இழுத்துக்கிட்டுப் போறேன்னு கேப்பீங்க. ஒரு நாள் வீட்டுல விட்டுட்டுத்தான் போனேன். முட்டை பொரிக்கிறேன்னு அடுப்பப் பத்தவெச்சிருக்கான். எதுக்குப் பத்தவெச்சோம்னு மறந்துட்டு வாசப்படியில போய் உக்காந்துட்டான். பக்கத்து வீட்டுக்காரங்க புகையப் பாக்கலேன்னா வீடும் இல்ல, அவனும் இல்ல. அன்னையிலேருந்து பஸ்ஸுதான். ஸ்கூல் ஆபீஸ்ல ரொம்ப நாள் கண்டும் காணாத மாதிரி இருந்தாங்க. யாரோ ஒரு புண்ணியவதி போட்டுக்குடுத்துட்டா. "லட்ரீஸ், கிறிஸ்துமஸ் லீவு வரைக்கும்தான் உன் பையன ஏத்தலாம். அதுக்கப்புறம் குழந்தைங்க பஸ்ஸுல பெரிய ஆள ஏத்தக் கூடாது"ன்னு சொல்லிட்டாங்க. அவங்களக் குத்தம் சொல்ல முடியாது.

"வெளிப்பக்கமா ஒரு பூட்டப் போட்டுட்டுப் போக்கா"ன்னான் என் தம்பி ரூஃபஸ். "அடுப்புக்கு வர்ற கேஸ அடைச்சிடு. டிவியப் போட்டு விடு. சாயங்காலம் வந்து தொற."

"அவன் என்னடா நாயா, பூட்டி வெக்க?"

"கோவப்படாத. வேற வழி இருந்தா நீயே சொல்லு."

வழி ஒண்ணு இருந்துச்சு. ஷ்ரீவ்போர்ட்ல, மண்டையில அடிபட்டவங்களுக்குன்னே ஒரு எடம். அங்கேயே தங்கவெச்சு, லேஸ் கட்டறதுலேருந்து அடுப்ப அணைக்கறது வரைக்கும் முதல்லேருந்து சொல்லிக்குடுப்பாங்க. "இளவயசு, இப்ப பழக்கினா நிறைய திரும்பி வரும். விட்டுட்டா வராது"ன்னு ஆஸ்பத்திரி டாக்டர் அழுத்திச் சொன்னாரு. அங்க ஆகற செலவுக்கு என்னையே வித்தாலும் காணாது. காலேஜ் குடுக்கணும். அவங்க மைதானத்துல, அவங்க சட்டையப் போட்டுக்கிட்டு ஒடஞ்ச மண்டை அது. காலேஜ் குடுக்க மாட்டேன்னுடுச்சு.

கியோன் ஆடுனது ஃபுட்பால். பேருதான் அப்படி, பந்தக் காலால தொடறவன் டீமுக்கு ஒருத்தனோ ரெண்டு பேரோ. மத்தவனெல்லாம் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு ஆட்டுக்கடா மாதிரி முட்டிக்கணும். கியோன் தடுக்கற வரிசைக்குப் பின்னாடி நிப்பான். எதிராளிங்க எப்படி நிக்கறாங்கன்னு ஒரே பார்வை பாப்பான். அடுத்து என்ன செய்யப் போறாங்கன்னு புடிச்சு, தன் பசங்களுக்குக் கத்திச் சொல்லுவான். அதுக்கு வேதப் புஸ்தகம் தடிமனுக்கு சங்கேத வார்த்தைங்க இருக்கு. எல்லாம் மனப்பாடம். தூக்கத்துல கூட கத்துவான். "கியோன்தான் எங்க டீமோட மூளை"ன்னு கோச் ஹோல்கம் டிவியிலயே சொன்னாரு. அத நான் இன்னும் மறக்கல.

மூணாவது வருஷம். ஹோம்கமிங் மேட்ச், பழைய மாணவங்கல்லாம் பொண்டாட்டி புள்ளைங்களோட வந்து நெறஞ்சிருந்தாங்க. தலையோட தலை மோதி விழுந்தான். எந்திரிச்சு, எதிரணி நின்ன பக்கமா நடந்துபோயி அவங்க கூட நின்னுக்கிட்டான். ஸ்டேடியமே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். வெளியில உக்காரவெச்சாங்க. மறுநாள் கம்ப்யூட்டர்ல ஒரு பரீட்சை வெச்சாங்க. பாஸ்னாங்க. அடுத்த சனிக்கிழமை மறுபடி எறக்கிவிட்டாங்க. மறுபடி அடி. டிரஸ் மாத்தற ரூம்ல விழுந்தவன் ஆஸ்பத்திரியிலதான் கண்ணத் தொறந்தான். என்னப் பாத்து, "நர்ஸம்மா, எங்கம்மா வந்துட்டாங்களா?"ன்னு கேட்டான்.

ரூஃபஸ் கதையையும் சொல்லணும். அதே ஸ்டேடியத்துல சனிக்கிழமை சனிக்கிழமை வேகவெச்ச வேர்க்கடலை விக்கறவன் அவன். ஒரு தடவை ஆட்டத்தப் பாத்துக்கிட்டே படியில எறங்கி, உருண்டு, கணுக்கால ஒடச்சுக்கிட்டான். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் வந்துச்சு. வேலைக்குப் போகாத நாளுக்கெல்லாம் கூலி வந்துச்சு. சட்டமாம். வேலை செய்யற எடத்துல அடிபட்டா மொதலாளி பாத்துக்கணுமாம். இந்த மகராசன்தான் என் வீட்டு மேஜையில, திங்கக்கிழமை நான் ஆக்கற ரெட் பீன்ஸையும் சோத்தையும் கட்டு கட்டுன்னு கட்டிக்கிட்டே நியாயம் பேசுவான்.

"பசங்களுக்கு எதுக்குக்கா சம்பளம்? படிப்பு இலவசம், சோறு இலவசம், தங்கறது இலவசம். காசு நடுவுல வந்துட்டா ஆட்டத்துல இருக்கற பக்தி போயிடும்."

"ஏன்டா, கடலை விக்கறதுல உனக்குப் பக்தி கெடையாதா? நீ ஏன் கூலி வாங்கற?"

"நான் தொழிலாளி. அவன் மாணவன்."

"அம்புட்டு ஜனம் டிக்கெட் வாங்கிட்டு வர்றது உன் கடலையப் பாக்கவா, எம் பையனப் பாக்கவா?"

"அப்படியெல்லாம் கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. தின்னு."

எங்க வக்கீல் மிஸ் திபடோ இதையே வேற மாதிரி சொன்னாங்க. "கியோன் சம்பளக்காரனா இருந்திருந்தா, வேலை பாக்கற எடத்துல அடிபட்டுச்சுன்னு காட்டினா போதும். மாணவன்னு சொல்லிட்டாங்க இல்லியா? இப்ப அவங்களாலதான் பையன் இப்படி ஆனான்னு நாமதான் நிரூபிக்கணும். அங்கதான் இடிக்குது."

என்ன இடிக்குதுன்னு கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பசங்கள கம்ப்யூட்டர் முன்னால உக்காரவெப்பாங்களாம். அது வார்த்தைங்களக் காட்டும், கோடும் வட்டமும் காட்டும். ஞாபகம் வெச்சுத் திரும்பச் சொல்லணும். அந்த மார்க்க எடுத்து வெச்சுக்குவாங்க. அடிபட்டா அதே பரீட்சைய மறுபடி வெச்சுப் பாப்பாங்க. மார்க் கொறஞ்சிருந்தா, தலையில கோளாறு, ஆடக் கூடாது.

"மூணு வருஷமும் கியோன் எழுதினது ரொம்ப மட்டமா இருக்கு மேடம். இப்ப ஆஸ்பத்திரியில எழுதினதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால, வரும்போதே பையன் இப்படித்தான் இருந்தான்னு சொல்றாங்க."

வரும்போதே இப்படியாம்! எட்டு வயசுல சர்ச்சுல ஏறி நின்னு பைபிள் சங்கீதமெல்லாம் வரிசையா ஒப்பிச்ச புள்ள அது. காலேஜுக்குப் போனப்புறம் எனக்கு பஸ் ரூட்டுக்கெல்லாம் குறுக்கு வழி கண்டுபிடிச்சுக் குடுத்தவன். மிஸ் திபடோவோட பேனாவ எடுத்து செவுத்துல அடிச்சேன். அவங்க வேற பேனா எடுத்துக்கிட்டாங்க.

நேரா மார்க்வெஸ் வீட்டுக்குப் போனேன். கியோனோட அதே டீம்ல ஆடி, ஒரே ரூம்ல தங்கின பையன். இது அவனுக்குக் கடைசி வருஷம். இப்பெல்லாம் பசங்க தங்களோட பேரையும் மூஞ்சியையும் விளம்பரத்துக்கு வித்துக்கலாமே, அப்படி ஒரு ட்ரக் கடைக்காரன் இவன் படத்த ஹைவேயில ரெண்டாள் ஒசரத்துக்கு நிக்கவெச்சிருந்தான். கதவத் தொறந்ததும், "அம்மா!"ன்னு கட்டிப்புடிச்சான். விஷயத்தச் சொன்னேன். கைய எடுத்துட்டான்.

"அது தூங்கி எழுதறதும்மா"ன்னான்.

"என்ன தூங்கி?"

"முதல் வருஷம் வந்த ஒடனே சீனியர் பசங்க சொல்லிக்குடுப்பாங்க. அந்தப் பரீட்சைய அரைத்தூக்கத்துல எழுதற மாதிரி எழுதணும். தெரிஞ்சதையும் தப்பாப் போடணும். அப்பத்தான் பின்னால அடிபட்டு எழுதும்போது மார்க் கொறஞ்ச மாதிரி தெரியாது. உக்காரவெக்க மாட்டாங்க. ஒரு மாசம் உக்காந்தா நம்ம எடத்துல வேற ஒருத்தன் வந்துடுவான். எடம் போனா படிப்புக் காசும் போயிடும்னு பயம். எல்லாரும்தான் எழுதறோம். எனக்குச் சொல்லிக்குடுத்த சீனியரே கியோன்தான்."

"கோச்சுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு எப்படிம்மா சொல்றது? 'ராத்திரி நல்லாத் தூங்கிட்டு வாங்கடா, நாளைக்குப் பரீட்சை'ன்னு சொல்லிட்டுச் சிரிப்பாரு. நாங்களும் சிரிப்போம்."

"இதத்தான்டா ராசா நீ வந்து சொல்லணும். நாலு வார்த்தை."

அவன் தலையப் புடிச்சுக்கிட்டு சோஃபாவுல உக்காந்துட்டான். எம்மாம்பெரிய உடம்பு, சின்னப் பையன் மாதிரி அழுதான். நான் சும்மா விடல. "அந்த ட்ரக் கடைக்காரன் காசு நின்னுபோயிடும்னு பயமா? எங்க வீட்டு மேஜையில எத்தன தடவை தின்னிருப்ப?"ன்னு கத்தினேன்.

"காசும்தாம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது மட்டும் இல்ல. நான் வாயத் தொறந்தா, எங்க எல்லாரையும் உக்காரவெச்சு நெசமா ஒரு பரீட்சை வெப்பாங்க. இந்தத் தடவை நல்லா எழுதுடான்னு சொல்லுவாங்க." மூக்கத் தொடச்சுக்கிட்டான். "நல்லா எழுத என்னால முடியுமான்னு எனக்கே தெரியலம்மா. போன மாசத்துலேருந்து ரேடியோவுல வர்ற பாட்டு கூட மனசுல நிக்க மாட்டேங்குது."

அதுக்கு மேல அவனத் திட்டாம வெளிய வந்துட்டேன். காசு குடுக்காத வரைக்கும் பசங்க பயத்துல வாயப் பூட்டிக்கிட்டாங்க. இப்ப காசு குடுக்கறாங்க, அதுவும் வாயத்தான் பூட்டுது. தொழிலாளின்னு ஒத்துக்காம, கூலிய மட்டும் பக்கத்து வாசல் வழியா குடுத்தா இப்படித்தான் இருக்கும். வரும்போது ஹைவேயில அவன் படத்தப் பாத்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு நின்னான்.

மிஸ் திபடோ யோசிச்சாங்க. "அப்ப ஒரே சாட்சிதான் மேடம். கியோன். காலேஜ் வெச்சிருக்கற விசாரணைக் குழு முன்னால அவனே தன் வாயால சொல்லணும். நான் வேணும்னேதான் தப்பா எழுதினேன்னு. அத மட்டும் சொல்லிட்டா மத்தத நான் இழுத்துட்டு வந்துடுவேன்."

அந்த ஒரே வரி. அதுக்கு மேல நாங்க அவனுக்கு எதுவும் சொல்லிக்குடுக்கல. காலைல பல்லு விளக்கும்போது சொல்ல வெச்சேன். சாப்பிடும்போது சொல்ல வெச்சேன். பஸ்ஸுல கண்ணாடியில அவனப் பாத்து, "கியோன், பரீட்சைய எப்படி எழுதின?"ன்னு கேப்பேன். மொதல்லயெல்லாம் ஜன்னலப் பாப்பான். அப்புறம் மெல்ல மெல்ல, "நான் வேணும்னேதான் தப்பா எழுதினேன்"னு வந்துச்சு. வாண்டுங்களுக்கு அது வெளையாட்டா போச்சு. நான் கேட்டா போதும், பஸ்ஸே சேந்து கத்தும்: "நான் வேணும்னேதான் தப்பா எழுதினேன்!" ஒரு டீச்சரம்மா பதறிப்போயி என்னக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன். ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சேன். ஏன்னா கியோன் ஒரு தடவை கூடத் தப்பு விடல.

விசாரணை அன்னைக்கு ரூஃபஸ்தான் கார் ஓட்டினான். அவனோட பச்சைத் தொப்பியக் கழட்டிட்டு வான்னேன், கழட்டினான். காலேஜ்ல ஒரு நீள மேஜை. குழுவுல மூணு பேரு. நடுவுல ஒரு வழுக்கைத்தலை, நல்ல மனுஷன் மாதிரிதான் பேசினாரு. மேஜையோட ஓரத்துல, எங்க பக்கமா, கோச் ஹோல்கம். எனக்கு அவரு வருவாருன்னு தெரியாது. மிஸ் திபடோவுக்கும் தெரியாது.

மார்க்க எல்லாம் படிச்சாங்க. வழுக்கைத்தலை, "வருத்தமாத்தான் இருக்கு மேடம். ஆனா மூணு வருஷமும் பையனோட ஞாபகசக்தி இந்த அளவுலதான் இருந்திருக்கு"ன்னாரு.

பேசாம இருங்கன்னு மிஸ் திபடோ சொல்லியிருந்தாங்க. யாரால முடியும்? "அப்ப இவ்வளவு மந்தமான பையன எப்படி சார் காலேஜ்ல சேத்தீங்க?"ன்னு கேட்டேன். "வருஷா வருஷம் எப்படி சார் பாஸ் போட்டீங்க? அந்தத் தடிப் புஸ்தகத்த எப்படி மனப்பாடம் பண்ணினான்? டீமோட மூளைன்னு டிவியில சொன்னாரே இந்த மனுஷன், மூளை இல்லாத மூளையா?"

ரூஃபஸ் பின்னால "அப்படிக் கேளு"ன்னான். வழுக்கைத்தலை தண்ணி குடிச்சாரு. "சேர்க்கை எங்க பொறுப்பு இல்ல மேடம்"னாரு. ஆனா குழுவுல அவருக்குப் பக்கத்துல இருந்த அம்மா தலையாட்டறத நான் பாத்தேன். மிஸ் திபடோ மேஜைக்கடியில என் கையப் புடிச்சு அமுக்கினாங்க. வழி தொறக்குதுன்னு எனக்குத் தோணுச்சு. ஷ்ரீவ்போர்ட்டுக்கு என்னென்ன துணி எடுத்து வெக்கணும்னு கூட மனசு ஓடுச்சு.

"பையனையே கேட்டுடலாம்"னாரு வழுக்கைத்தலை. "கியோன், சீசனுக்கு முன்னால எழுதற அந்தப் பரீட்சைய எப்படித் தம்பி எழுதின?"

கியோன் என்னப் பாத்தான். நான் தலையாட்டினேன். அவன் வாயத் தொறந்தான். அப்பத்தான் கோச் நாற்காலியில கொஞ்சம் அசைஞ்சாரு, அவ்வளவுதான், வேற ஒண்ணும் பண்ணல. கியோன் அந்தப் பக்கம் திரும்பினான். அவனோட முதுகு நிமுந்துச்சு. தோள் விரிஞ்சுது. அடிபட்டதுலேருந்து அவன் அப்படி உக்காந்து நான் பாத்ததே இல்ல.

"ஒழுங்காத்தான் எழுதினேன் சார். என்னால முடிஞ்ச அளவுக்கு நல்லா எழுதினேன்."

"வேணும்னே தப்பு ஏதாவது போட்டியா?"

"இல்ல சார்."

"இப்ப தலைவலி, மறதி ஏதாவது?"

"ஒண்ணுமில்ல சார். நல்லா இருக்கேன். ஆடத் தயார்."

நான் அவன் கையப் புடிச்சேன். "கண்ணு, பஸ்ஸுல சொன்னியேடா. தெனமும் சொன்னியே. மறந்துட்டியா?"

அவன் என் காதுகிட்ட குனிஞ்சான். சின்ன வயசுல சர்ச்சுல பேசற மாதிரி குசுகுசுன்னு சொன்னான்: "மறக்கலம்மா. கோச் இருக்காரு. கோச் முன்னாடி அதச் சொல்லக் கூடாது."

அய்யோ கடவுளே. அடுப்ப மறந்தான், லேஸ மறந்தான், பெத்தவ மூஞ்சியையே மறந்தான். இத மட்டும் மறக்கல.

"கேட்டீங்களா?"ன்னு எந்திரிச்சுக் கத்தினேன். "இப்ப சொன்னான்! கோச் முன்னாடி சொல்லக் கூடாதுன்னு சொன்னான்!"

"எங்களுக்குக் கேக்கல மேடம்"னாரு வழுக்கைத்தலை. கேட்டிருக்காதுதான், தூரத்துல இருந்தாங்க. ஆனா கோச் எங்களுக்குப் பக்கத்துல, கை நீட்டினா தொடற தூரத்துல இருந்தாரு. அவரு மூஞ்சி செவந்துபோயிருந்துச்சு.

"கோச், உங்களுக்குக் கேட்டுச்சுல்ல? நீங்க சொல்லுங்க. இவன் உங்க பையன்னு எத்தன தடவை சொல்லியிருக்கீங்க! வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுங்க!"

அந்தாளு மேஜையையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், "பையன் என்ன சொன்னான்னு எனக்குச் சரியா கேக்கல மேடம்"னாரு.

அதோட முடிஞ்சுபோச்சு. அப்பீல் பண்ணலாம், வருஷக்கணக்குல ஆகும்னு மிஸ் திபடோ சொன்னாங்க. டாக்டர் சொன்ன இளவயசு வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருக்குமா? வராந்தாவுல கோச் எங்களத் தாண்டி வேகமா போனாரு. கியோன் ரெண்டே எட்டுல அவர மறிச்சு நின்னான்.

"சனிக்கிழமை நான் எறங்கலாமா கோச்?"

கோச் அவன் தோள்ல கை வெச்சாரு. "பாக்கலாம்டா"ன்னாரு. நான் அந்தக் கையப் புடிச்சு எடுத்து அந்தாண்ட போட்டேன். ரூஃபஸ் என்ன இழுத்துக்கிட்டு வந்துட்டான். கார்ல ஏறினப்புறம் ஸ்டியரிங் மேல நெத்திய வெச்சுக்கிட்டு, "நான் கடலை வித்தேன்க்கா. கால்தான ஒடஞ்சுது எனக்கு"ன்னு மட்டும் சொன்னான்.

கியோன் பின்னால என் பக்கத்துல உக்காந்திருந்தான். மூஞ்சி பூரா சந்தோஷம்.

"நல்லா சொன்னேனாம்மா?"

"நல்லா சொன்னடா கண்ணு"ன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சு. வர்ற வழியில இரும்புக் கடையில நிறுத்தச் சொன்னேன். வெளிப்பக்கமா போடற பூட்டுங்க ஒரு வரிசையா தொங்கிட்டிருந்துச்சு. எனக்குக் கை போகல. கியோன்தான் ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்து, இருக்கறதுலயே கனமா ஒண்ண எடுத்துக் குடுத்தான். "இது நல்லா கெட்டியா இருக்கும்மா"ன்னான்.